அலுத்தம்

முதல் பந்தயம் கில்லர்னியில்.
தென்கிழக்குக் காற்று எங்கள் கூடாரத்தின்
ஒரு காலைப் பிடுங்கி அடுத்த பிட்டில் போட்டது.
அடுத்தது பெரிய கம்பெனி அணி:
மூன்று கார், ஒரே நிறச் சட்டையில் பதினொரு பேர்,
காபி போட மட்டும் ஓர் ஆள்.
நாங்கள் நாலு பேர்.
திரிவேன் ஓட்டுவான், லுங்கேலோ ஜாக் ஏற்றுவான்,
என் கணவர் பாலா இழுவை வண்டியோடு வாதாடுவார்,
நான் டயர்.

டயர் என்றால் நோட்டுப் புத்தகம்.
எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு காற்று,
ஓடி வந்ததும் எவ்வளவு சூடு,
உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு.
அதை எட்டிப் பார்க்கத்தான்
கம்பெனி ஆள் ஒருவன் அடிக்கடி
ஷூ லேஸ் கட்டக் குனிவான்.
ஆகவே தமிழில் எழுதினேன்.
சாட்ஸ்வொர்த் சனிக்கிழமை வகுப்பில்
பாதித் தூக்கத்தில் படித்த எழுத்து
முதல் தடவையாக வேலைக்கு வந்தது.
'முன் இடது, அலுத்தம், இருபத்தாறு.'

ஈஸ்ட் லண்டனில் மழை.
கடல் எது பாதை எது என்று தெரியாத மழை.
கம்பெனிக் கார்கள் மூன்றும் புல்லில் போய் உட்கார்ந்தன,
ஏர் அவிழ்த்த மாடுகள் போல.
திரிவேன் வென்றான்.
கோப்பை, அதோடு முப்பது கிலோ ஈயம்.
விதி அப்படி:
ஜெயித்தவன் அடுத்த முறை
ஜெயித்ததைச் சுமந்து ஓட வேண்டும்.
பக்கத்து இருக்கை இருந்த இடத்தில்
கட்டி கட்டியாக அடுக்கி
நான்தான் போல்ட் முடுக்கினேன்.
'கூட யாரோ ஏறின மாதிரி இருக்கு,' என்றான் திரிவேன்.
'பேசாத ஆள்தான், கூட்டிட்டுப் போ,' என்றேன்.

அந்த ஆளோடு ஸ்க்ரிபான்டே: ஆறாவது.
பத்துக் கிலோ இறக்கச் சொன்னார்கள்.
வெல்கம்மில், தங்கச் சுரங்க மண்மேடுகளுக்குக் கீழே,
கியர்பெட்டி பல் உதிர்த்தது.
எட்டாவது. இன்னொரு பத்து.
வீட்டுக்கு வந்தால் மின்வெட்டு.
வேனின் முன்விளக்கு வெளிச்சத்தில்
இரண்டு இரவு பெட்டியைப் பிரித்துக் கோத்தோம்.
மூன்றாம் இரவு வான் ரீனன் கணவாயில்
லாரிகளுக்குப் பின்னால் மூச்சு வாங்கி ஏறினோம்.
ஸ்வார்ட்காப்ஸ்: ஒன்பதாவது.
கடைசிப் பத்தையும் கழற்றச் சொல்லிவிட்டு
எடை பார்க்கும் ஃபூரி அனுதாபமாகச் சிரித்தார்.
லேசாக இருப்பது எவ்வளவு கேவலம் என்று
அன்றைக்குத் தெரிந்தது.
யாரும் குனிந்து லேஸ் கட்டவில்லை.

கயலாமி, கடைசி.
டயரின் பக்கவாட்டில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தேன்.
ஒரே நிறச் சட்டை ஒன்று வந்து நின்றது.
அவர்களுடைய டேட்டா பையன்.
கழுத்து அட்டையில் நெவேஷன் கூடலிங்கம்.
மீர்பேங்க் வளர்ப்பு.
'அக்கா,' என்றான்,
'அழுத்தத்துக்கு ழ போடணும்.
ஸ்க்ரிபான்டேயிலேயே சொல்ல நினைச்சேன்.'

ஸ்க்ரிபான்டேயிலேயே.
நான் எழுந்திருக்கவில்லை.
அந்த ஆறாவது, அந்த எட்டாவது,
ஈயத்தின் மேல் நான் போட்ட பழி எல்லாம்
முட்டிக்குக் கீழே கூடி நின்றன.
'படிச்சியா?'
'படிச்சேன்.'
'அவங்ககிட்ட சொன்னியா?'
அவன் திரும்பித் தங்கள் கார்களைப் பார்த்தான்.
'கேட்டாங்க. வீட்டுச் சாமான் லிஸ்ட்டுன்னு சொல்லிட்டேன்.
இருபத்தாறு கிலோ அரிசி.'

நம்பினேனா என்று கேட்டால்
பாதி.
மீதியை நினைத்துக்கொண்டே
உள்ளங்கையால் துடைத்துவிட்டு ழ போட்டேன்,
கொஞ்சம் பெரிதாக,
சுழி சறுக்கி.

திரிவேன் நாலாவது வந்தான்.
பட்டம் அந்த மூன்று கார்களில் ஒன்றுக்கு.
நெவேஷன் எங்கள் பக்கம் திரும்பவில்லை.
திரும்பக் கூடாதுதான்.
அடுத்த சீசனுக்கு வேறு எழுத்து தேட வேண்டும்,
இல்லை, அவனையே இழுக்க வேண்டும்.

சாமான்களை ஏற்றும்போது பாலா
ஈயக் கட்டிகளைக் காலால் தட்டிக் கேட்டார்:
'இந்த முப்பது கிலோவையும் டர்பன் வரைக்கும் இழுக்கணுமா?
பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுடலாமே.'
'வேண்டாம்,' என்றேன்.
'வேணும்.'